மன்றத் தலைவருக்கு, உன் வீட்டிலிருந்து

அண்ணனுக்கு,

நீ அனுப்பிய வீடியோவில் நான் முதலில் கவனித்தது அந்த வெள்ளைக்கார அம்மாளின் கையில் இருந்த சாவியைத்தான். பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட அந்த அம்மாள் மழைக்கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு சாவியை எடுத்து, மண்டபத்தின் கதவைத் திறக்கிறாள். நீ இரண்டு கையிலும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால், மழையில் நனைந்தபடி, அவள் திறக்கும்வரை காத்து நிற்கிறாய். திறந்ததும் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு உள்ளே போகிறாய். மேசைமேல் கேக் இருந்ததும், வயதானவர்கள் வட்டமாக உட்கார்ந்து கைதட்டியதும், நீ ஒவ்வொருவர் பக்கமும் குனிந்து டீ ஊற்றியதும் இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் தடவை சாவி மட்டும்தான் தெரிந்தது. நம் லயத்து மன்றத்தின் சாவியை எந்தப் பெண்ணும் தொட்டு நான் பார்த்ததில்லை. அதைக் கேட்டு வாங்க நினைத்த பெண்ணையும் பார்த்ததில்லை.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது அம்மா. வேலை விட்டு வந்து, இடுப்பில் கட்டியிருந்த படுதாவைக்கூட அவிழ்க்காமல் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, பேப்பர எடு. மகனுக்கு ஒரு கடுதாசின்னு மேல எழுது" என்றாள். எழுதினேன். "ஒனக்கு வெக்கமா இல்லியான்னு எழுது" என்றாள். அதையும் எழுதினேன். அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டாள், மறுபடி உள்ளே தள்ளினாள். "போன்ல சொன்னா அவன் பேசிருவான். அவனுக்குப் பேசத் தெரியும். எழுதிப் போட்டா குறுக்க பேச முடியாதுல்ல? மீதிய நீயே எழுது. ஒனக்கு வாய்தான் வராது, கை நல்லாத்தான இருக்கு" என்றாள். அதனால் இதில் இருக்கும் கோபம் அம்மாவுடையது. என்னுடையதும் கொஞ்சம் கலந்திருக்கும். எது யாருடையது என்று நீ பிரித்துப் பார்க்க வேண்டாம்.

எழுதி முடித்ததும் இதை ரோட்டோரம் இருக்கும் மன்றத்துப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. நீ அவளுக்கு மகன் மட்டுமாக இருந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே திட்டி முடித்திருப்பாள். நீ லண்டன் பக்கம் கடல் தாண்டிப் போன பிறகும் இந்த மன்றத்துக்கு நீதான் தலைவர். உன் பெயரைச் சொல்லித்தான் இங்கே எல்லாம் நடக்கிறது, உன் பெயரைச் சொல்லித்தான் எல்லாம் நடக்காமலும் போகிறது. பலகைக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற வெளியாட்களும் படிப்பார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்லுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே.

வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப் ஏறி, தேயிலைக்கு நடுவே மேலே வந்தால், எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்து வரிசையின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. அதுதான் மன்றம். உள்ளே ஒரு கேரம் போர்டு, ஒரு டிவி, ஒரு புத்தக அலமாரி. சுவரோரமாக அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டி வைத்த நீலத் தார்ப்பாய், பெரிய அண்டாக்கள், மைக், குழாய் ஸ்பீக்கர். பார்த்தால் பொடியன்கள் விளையாடுகிற இடம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த மலையில் ஒரு வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால், மன்றம் வந்து நின்றால்தான் அது நாலு பேர் அறிய நடந்ததாகும். கல்யாணத்துக்கு அண்டா வரும். காய்ச்சலில் விழுந்தவரை நாற்காலியில் கட்டி ரோடு வரை தூக்கிக்கொண்டு போவார்கள். யாராவது இறந்தால் குழாய் ஸ்பீக்கரில் இன்னார் வீட்டு இன்னார் என்று சொல்வார்கள். அந்தச் சத்தம் எஸ்டேட்டின் கீழ் டிவிஷன்வரை கேட்கும். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிற பெண்கள் அப்படியே கையை நிறுத்திவிட்டு, யார் பெயர் வருகிறது என்று நின்று கேட்பார்கள்.

அப்பா பெயர் வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. மழையில் ரோடு பெயர்ந்து ஜீப் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை மன்றத்துப் பையன்கள்தான் நாற்காலியில் வைத்துத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிரோடு திரும்பவில்லை. ஆனால் அவரை வீட்டில் கொண்டுவந்து வைப்பதற்குள் பந்தல் நின்றது, நாற்காலி நிறைந்திருந்தது, பக்கத்து எஸ்டேட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அம்மா இன்றுவரை அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறாள். "ஒங்கப்பா பேக்டரில மூட்ட தூக்குன மனுசன். யாருக்கும் பெரிய ஆளு கெடையாது. ஆனா அன்னைக்கி மலையே வந்துச்சுல்ல" என்பாள். மன்றம் என்றால் அவளுக்கு அதுதான். அதனால்தான் அடுத்த வருசம் உன்னைத் தலைவராக்கியபோது லயம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை கொடுத்தாள்.

நீ தலைவரானதும் ஒரு சட்டம் போட்டாய். சாமானை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வேலைக்கு வருவதில்லை என்று உனக்குக் கோபம். அதில் நியாயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மாதம் ஒரு ஞாயிறு சிரமதானம். பாதை சீராக்க, சாக்கடை வெட்ட, தண்ணீர்த் தொட்டி கழுவ, வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை வர வேண்டும். வருசம் முழுக்க வராத வீட்டுக்கு மன்றத்தில் இடம் இல்லை. மன்றத்தில் இல்லாத வீட்டுக்கு நாற்காலியும் இல்லை, மைக்கும் இல்லை. நீ இதை வாசித்ததும் உள்ளே கைதட்டினார்கள். நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பாக்கியம் சித்தியும் வெளியே நின்று எல்லாருக்கும் கட்டன் டீ போட்டுக்கொண்டிருந்தோம். சித்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏன் ராசா, எங்க வீட்டுல ஆம்பளைக்கி நான் எங்க போவேன்? நானே மம்பட்டியத் தூக்கிட்டு வரட்டா?" என்று கேட்டாள். அவளுக்குப் புருசன் இல்லை, இரண்டு பெண்களையும் மலைக்குக் கீழே கம்பம் ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, "சித்தி, நீங்க டீ போட்டுக் குடுங்க, அது போதும்" என்றாய். அவள் அதை நம்பினாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சிரமதானத்துக்கும், நீ ஊரைவிட்டுப் போன பிறகும், அவள்தான் டீ போட்டாள். அவள் வீட்டு விறகு, அவள் வீட்டுச் சர்க்கரை. அது வேலை என்று ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. இன்றைக்கு நீ டீ ஊற்றுவதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறாய், அதற்குச் சேவை என்று பெயர் வைக்கிறாய். சித்தி ஊற்றியதற்கு என்ன பெயர் அண்ணா?

சித்தி போன மாதம் இறந்துபோனாள். இரண்டு நாள் காய்ச்சல், அப்புறம் மூச்சு வாங்கியது, விடிந்ததும் போய்விட்டாள். கம்பத்தில் இருக்கும் அவள் பெண்களுக்கு போன் பண்ணிவிட்டு அம்மா நேரே உன் செயலாளர் செல்வராசு வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். செல்வராசு பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"செல்வராசு, மைக்கப் போடுப்பா. பாக்கியம் போயிட்டா."

"அய்யோ, எப்ப பெரியம்மா?" என்று அவன் பதறியது நிஜம். வாயைக் கொப்பளித்துவிட்டு சட்டையைத் தேடினான். சட்டைக்குள் ஒரு கையை விட்டவன் அப்படியே நின்றான். "பெரியம்மா, அவங்க வீடு மெம்பர் இல்லியே."

"சாவுக்குமாடா மெம்பர் பாப்பீக?"

"நான் என்ன செய்யட்டும்? அண்ணன் போட்ட சட்டம். ஒரு வீட்டுக்குக் குடுத்தா நாளைக்கி எல்லாரும் வந்து நிப்பாங்க. இருங்க, குரூப்புல அண்ணனுக்கு மெசேஜ் போடுறேன். அண்ணன் சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நானே தூக்கிட்டு வாரேன்."

"அவன் இப்ப ஒறங்குவான். நீ எங்க வீட்டுப் பேர்ல குடு. தலைவர் வீட்டுப் பேர்ல குடு."

செல்வராசு என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "கோவிச்சுக்கிடாதீங்க பெரியம்மா. அண்ணன் போன பெறகு ஒங்க வீட்டுலருந்தும் யாரும் வேலைக்கி வரல. ஒங்க வீடும் இப்ப இல்ல."

அம்மா திரும்பி நடந்தாள். மகன் தலைவனாக இருக்கிற மன்றத்தில் தன் வீடே இல்லை என்பதை அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அதுவும் பல் விளக்குகிற ஒருத்தன் வாசலில் நின்று.

மழை விடவில்லை. சித்தியின் வீட்டு முன்னறை ஒரு பாய் விரிக்கத்தான் போதும், ஆட்கள் வெளியே நிற்க வேண்டும். தார்ப்பாய் இல்லை. பெண்கள் வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படுதாக்களை அவிழ்த்து, நாலு நாலு பேராக முனையைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேல் தூக்கி நின்றார்கள். கை வலித்தால் இன்னொருத்தி வந்து முனையை வாங்கிக்கொள்வாள். சித்தியை வெளியே கொண்டுவந்து குளிப்பாட்டியதும் அந்தப் படுதாக்களுக்குக் கீழேதான். மைக் இல்லாததால் கீழ் டிவிஷனில் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே எத்தனையோ வருசம் சித்தியோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அன்றைக்கும் பறித்துக்கொண்டிருந்தார்கள். மன்றத்துப் பையன்கள் யாரும் கூப்பிடாமலே போய்க் குழி வெட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். குழிக்கு நீ சட்டம் போட மறந்துவிட்டாய் போலிருக்கிறது. மறுவாரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கீழ் டிவிஷன்காரர்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏம் மதினி, ஒரு வார்த்த சொல்லி விட்டுருக்கக் கூடாதா? மொகத்தப் பாத்துருப்போமே" என்று ஒருத்தி அழுதாள். அம்மா எல்லாருக்கும் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். செய்தது நீ, நின்றது அவள்.

சித்தி இறந்த அன்றைக்கு மத்தியானம்தான் உன் வீடியோ வந்தது. எனக்கு அனுப்பி, "அம்மாட்ட காட்டு" என்று எழுதியிருந்தாய். அதையே மன்றத்துக் குரூப்பிலும் போட்டிருந்தாய். அந்தக் குரூப்பில் நான் இல்லை, எந்தப் பெண்ணும் இல்லை. சித்தியைத் தூக்கப்போகும் நேரத்தில் நான் செல்வராசுவிடம் போய் அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். நான் அவனிடம் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் போனை நீட்டினான். மேலே அவன் போட்டது, 'பாக்கியம் சித்தி இறந்துட்டாங்க அண்ணே, சாமான் குடுக்கலாமா?' அதற்கு நேர் கீழே உன் வீடியோ. அதற்குக் கீழே நீ எழுதியது, 'எங்க ஊர்ல ஒருத்தரும் தனியா இல்ல.' அதற்குக் கீழே வரிசையாகச் சிவப்பு இதயங்கள். செல்வராசுவும் ஒன்று போட்டிருந்தான். அதை நான் பார்த்ததைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். "அண்ணன் மேல உள்ளதப் பாக்கல போல" என்றான். அப்படித்தான் நானும் நினைத்தேன். உனக்காக அம்மாவிடம் அதையே சொன்னேன். ஆனால் அடக்கம் முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது உன் பதில் வந்துவிட்டது என்று செல்வராசு வந்து வாசித்தான். ஆழ்ந்த இரங்கல், விதியை மாற்றுவதை அடுத்த பொதுக்குழுவில் பேசலாம். அம்மா கேட்டுவிட்டு, "யாரு எழுதுனது, என் மகனா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஊரில் நீ எப்படிப் போய் இறங்கினாய் என்பதை நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். முதல் மாதம் தினமும் போனில் அழுதாய். முதியோர் இல்லத்தில் வேலை, வேலை விட்டால் ஓர் அறை, அறையை விட்டால் மழை. "பேச ஒரு ஆளு இல்லம்மா, சுவரப் பாத்துட்டு இருக்கேன்" என்றாய். அம்மா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். அப்புறம் ஒரு நாள் உன் குரல் மாறியிருந்தது. அந்தப் பச்சைச் சட்டை அம்மாள் தன் தங்கையைப் பார்க்க இல்லத்துக்கு வந்தவள், உன்னிடம் பேச்சுக் கொடுத்து, வியாழக்கிழமை மண்டபத்துக்கு வா, நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாளாம். அதற்குப் பிறகு உன் பேச்சு முழுக்க சங்கங்கள்தான். பாட்டுப் பாடுகிற சங்கம், சேர்ந்து நடக்கிற சங்கம், நகராட்சி நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காய் போடுகிறவர்களின் சங்கம், கம்பளி பின்னுகிற சங்கம், பழைய பட்டாளத்துக்காரர்களின் சங்கம். அந்தச் சின்ன ஊரில் மனிதர்களைவிடச் சங்கங்கள்தான் அதிகம் போலிருக்கிறது என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

"அங்க பொம்பளைங்க சேரலாமாலே?" என்று அம்மா ஒரு நாள் கேட்டாள்.

"என்னம்மா இப்பிடிக் கேக்க? தலைவரே பொம்பளதான்."

"அப்ப நீ யாரு அங்க?"

"நான் டீ கமிட்டி."

"இங்க தலைவரு, அங்க டீ ஊத்துறியா? வெளங்கும்" என்று அம்மா சொல்ல, நீ அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாய். அப்போது எங்களுக்கும் அது வெறும் சிரிப்புத்தான். இப்போது கேட்கிறேன். அந்த அம்மாள் உன்னைக் கூப்பிட்டபோது, நீ எந்த வீடு என்று கேட்டாளா? போன வருசம் எத்தனை ஞாயிறு வேலைக்கு வந்தாய் என்று கேட்டாளா? உன் பாஷையையோ நிறத்தையோ பார்த்து, பொதுக்குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாளா? கதவைத் திறந்து விட்டாள், நீ உள்ளே போனாய். அங்கே உள்ளே போகத் தெரிந்த உனக்கு, இங்கே யார் வெளியே நிற்கிறார்கள் என்று மட்டும் ஏன் தெரியவில்லை? இங்கே நாங்கள் எத்தனை வருசமாக ஜன்னலுக்கு வெளியே நிற்கிறோம் என்று உனக்குத் தெரியும். எங்களிடம் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவன் நீ.

சித்தியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா உனக்கு போன் செய்தாள். சத்தம் போட வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டுதான் பேசினாள். நம் வீட்டை மறுபடி மன்றத்தில் சேர்க்க வேண்டும், என் பேரில் சேர்க்க வேண்டும், மாதம் ஒரு ஞாயிறு பாப்பா வேலைக்கு வருவாள் என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ சிரித்தாய்.

"பாப்பாவா? அவ கூட்டத்துல வாயத் தெறப்பாளாம்மா? பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிட்டாலே தலையக் குனிஞ்சுக்கிடுவா. அவ்வளவு ஆம்பளைங்க மத்தியில அவ எதுக்கு? நான் மாமா பேரப் போடச் சொல்லிட்டேன். செல்வராசுட்டயும் சொல்லியாச்சு."

"மாமா இந்த வீட்டுலயாலே இருக்கான்?"

"வீட்டு ஆம்பள ஒருத்தர் பேரு வேணும், அவ்வளவுதானம்மா. என்ன பாப்பா, சரிதான?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. "பாத்தியா, அவளுக்கே சரிதான்" என்று சொல்லிவிட்டு, டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய்.

அம்மாவின் தம்பி என்பதற்காக இல்லை, மாமாவைப் பற்றி நான் குறையாக எழுத விரும்பவில்லை. டவுனில் லாட்டரி விற்கிறார், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு நம் வீட்டுக்கு வருகிறார், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார், போகும்போது எனக்கு ஒரு மிட்டாய் கொடுக்கிறார். நல்லவர்தான். ஆனால் சித்தியைக் குளிப்பாட்டும்போது படுதா பிடித்த கைகளில் அவர் கை இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவர் வரப்போவதில்லை. இந்த வீட்டில் இருப்பது நானும் அம்மாவும். எங்கள் வீட்டுக்கு எங்களில் ஒருவர் ஆளாக முடியாது, வாரம் ஒரு தடவை தூங்க வருகிறவர் ஆகலாம் என்று லண்டனுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் இருந்துகொண்டு நீ முடிவு செய்கிறாய்.

நான் ஒன்றும் சொல்லாவிட்டால் அது சரி என்று நீ எப்போதும் எடுத்துக்கொள்கிறாய். சின்ன வயதில் ஒரு ஆண்டு விழாவின்போது மன்றத்துக்குள் ஓடிப்போய் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் நின்றேன். நீ எல்லாருக்கும் முன்னால் என் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டாய். நான் அழவில்லை என்பதால் அதில் தப்பில்லை என்று நினைத்தாய். அலமாரியில் இருந்து எனக்குப் புத்தகம் எடுத்து வந்து கொடுத்தாய். அதற்கு நன்றி, அதனால்தான் இன்றைக்கு இதை எழுத முடிகிறது. ஆனால் நீ கொடுத்தவையெல்லாம் அட்டை கிழிந்தவை, மன்றத்துக்கு இனி வேண்டாதவை. வேண்டியதை நானே போய் எடுத்தால் என்ன என்று உனக்குத் தோன்றவே இல்லை. அப்பா போன பிறகு, பத்தாவது முடிந்ததும், "அம்மாவுக்குத் தொணையா வீட்டுல இருந்துக்கிடுறியா பாப்பா?" என்று கேட்டாய். நான் பேசாமல் நின்றேன். பதில் வரவில்லை என்றால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று உனக்குத் தெரியவில்லை. பாப்பாவுக்குப் படிப்பில் இஷ்டம் இல்லை என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் நீயே சொல்லிவிட்டாய். அதே வருசம் நீ இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்க எர்ணாகுளம் போனாய். எனக்கு இஷ்டம் இருந்தது அண்ணா. இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். வாய் வராதவர்களுக்கு விருப்பம் இருக்காது என்று உனக்கு யார் சொன்னார்கள்? நீ வேலை பார்க்கிற இல்லத்தில் பேச்சே வராத முதியவர்கள் இருக்கிறார்கள் என்றாயே. அவர்களுக்கு டீ வேண்டுமா வேண்டாமா என்று கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று பெருமையாகச் சொன்னாயே. என் கண்ணை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

இதை இதுவரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, தன் பங்குக்குச் சில வார்த்தைகள் சேர்க்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அங்க நீ டீ ஊத்துறது நல்ல காரியம், ஊத்து. வயசானவுகள நல்லாப் பாத்துக்கோ, கையப் பிடிச்சுப் பேசு, அதுல நான் கொற சொல்லல. ஆனா அங்க ஒரு மனுசன், இங்க ஒரு மனுசன்னு ரெண்டு பேரா இருக்காத. ஒருத்தனாத்தான் ஒன்னப் பெத்தேன். இங்க இருக்காத ஊருக்கு நீ தலைவனா இருக்க வேண்டாம், எறங்கிக்கோ. எறங்க மனசில்லன்னா சட்டத்த மாத்து. நாளைக்கி நான் போனாலும் என் பேரு மைக்குல வரணும். அது ஒன் தயவுல வர வேண்டாம். என் வீட்டு ஆளு வேல செஞ்ச ஒரிமைல வரணும்." உனக்கு ஓர் அவகாசம் கொடுக்க வேண்டும் என்றாள் அம்மா கடைசியில். இறங்குகிறாயா, சட்டத்தை மாற்றுகிறாயா, சனிக்கிழமை ராத்திரிக்குள் பதில் சொல் என்று போனில் அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் குறி காட்டியது. பதில் வரவில்லை.

இன்றைக்கு ஞாயிறு, சிரமதானம். லயத்துக்குப் பின்னால் சாக்கடை மண் மூடிக் கிடக்கிறது, அதை வெட்டுவதாக முடிவு. வேலை முடிந்து சாயங்காலம்தான் பொதுக்குழு, அதற்கு முன்னால் இதை எழுதி முடித்துப் பலகையில் ஒட்டிவிடுவேன். காலையில் அம்மா எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கூட வரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆண்கள் எல்லாரும் கூடி நின்றிருந்தார்கள்.

"டீ எங்க பாப்பா? வெறுங்கையோட வார?" என்று ஒருத்தர் கேட்டார்.

"வெறுங்கையா? மம்பட்டி தெரியலியா ஒமக்கு?" என்று இன்னொருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது.

மாமா தேய்த்த வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, மெதுவாக, எனக்கு நல்லது செய்கிற குரலில், "குடு மக்கா அத. ஒங்கண்ணன் என் பேரத்தான் சொல்லிருக்கான். நீ வீட்டுக்குப் போ, பொம்பளப் புள்ள இதுல எறங்குனா நாளைக்கி நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்" என்று கையை நீட்டினார். செல்வராசு போனை எடுத்துப் பார்த்தான். நீ ஏதாவது அனுப்பியிருக்கிறாயா என்று பார்த்திருப்பான். ஒன்றும் இல்லை போலிருக்கிறது, திரும்ப வைத்துவிட்டான். எல்லாரும் நான் மம்பட்டியைக் கொடுப்பதற்காகக் காத்து நின்றார்கள்.

"மாட்டேன்" என்றேன்.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கினேன். தண்ணீர் முழங்கால்வரை இருந்தது. மண்ணை வெட்டி, கரையில் மாமா நின்ற பக்கமாகத் தூக்கிப் போட்டேன்.